மலைப்பாதையும் பழைய சைக்கிளும்

அட்டன் நகரிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதி, கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா ஆகிய இடங்களைத் தொட்டுக்கொண்டு, தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றது. கடல் மட்டத்திலிருந்து அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். வழியிலே இறக்கங்களும் குறுக்கிடுவதால், சைக்கிளில் செல்பவர் ஏறவேண்டிய உயரம் இவ்விரண்டு எண்களின் வித்தியாசத்திலும் அதிகமாகும். இறங்கிய உயரத்தை மீண்டும் ஏறித்தானே ஆகவேண்டும்!

2022ஆம் ஆண்டிலே இலங்கையில் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டபோது, வீட்டின் பின்புறத்தில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. தடித்த டயரும், நேரான கைபிடியும், பல கியர்களும் உடைய ‘மவுண்டன் பைக்’ எனப்படும் மலைச் சைக்கிள்களும் அவற்றுள் இருந்தன. அத்தகைய பழைய வண்டியொன்றைக் கொண்டு, 200 கிலோமீற்றர், 300 கிலோமீற்றர் என்று ஒழுங்குசெய்யப்படும் நெடுந்தூர வீதிப் பயணங்களிலே கலந்துகொள்ள இயலுமா? இயலும் என்பதே விடை. அதற்குரிய காரணங்களையும் நிபந்தனைகளையும் அறிந்துகொள்ளுதல் பயனுடையது.

முதலிலே இப்பயணங்களின் இயல்பை விளங்கிக்கொள்ள வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஊர்தோறும் நடைபெறும் சைக்கிள் ஓட்டப் போட்டியிலே முந்தி வருபவருக்கே பரிசு. நெடுந்தூரப் பயணத்திலோ முதல்வர், கடைசி என்ற வரிசையே கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தவர் எல்லோரும் வெற்றி பெற்றவரே. பிரான்சிலே 1904ஆம் ஆண்டில் தொடங்கிய பாரிஸ் ஒடாக்ஸ் கழகம் வகுத்த முறை இன்று பல நாடுகளிலே பின்பற்றப்படுகின்றது. அதன்படி 200 கிலோமீற்றரை 13½ மணி நேரத்திலும், 300 கிலோமீற்றரை 20 மணி நேரத்திலும், 600 கிலோமீற்றரை 40 மணி நேரத்திலும் கடக்க வேண்டும். வழியிலுள்ள சாவடிகளில் அட்டையிலே முத்திரை பெறவேண்டும். 1891ஆம் ஆண்டில் ஓட்டப் போட்டியாகத் தோன்றிய பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் ஓட்டம், இப்பொழுது இம்முறையிலே நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் 1,200 கிலோமீற்றர்ப் பயணமாக விளங்குகின்றது. அதன் உச்ச நேரம் 90 மணி.

தமிழ்நாட்டிலும் இவ்வழக்கம் பரவியுள்ளது. சென்னையிலே சைக்கிள் அன்பர்கள் ஒடாக்ஸ் முறைப்படி பயணங்களை நடத்துகின்றனர். நீலகிரியிலோ 2008ஆம் ஆண்டிலே தொடங்கிய பல நாட் சுற்றுப்பயணம் ஒன்றுண்டு. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டையூசி வளைவுகள் சைக்கிள் ஓட்டுவோரிடையே பேர்பெற்றவை. தேயிலையும் மூடுபனியும் செங்குத்தான வீதியும் உள்ள அந்தப் பூமி, இலங்கையின் மலையகத்துக்கு உடன்பிறப்புப் போன்றது.

இனி, வண்டியைப் பார்ப்போம். மலைச் சைக்கிளே பழைய வண்டியிலிருந்து பிறந்ததுதான். 1970ஆம் ஆண்டுகளிலே கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள், பல ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட தடித்த டயர்ச் சைக்கிள்களைத் தேடியெடுத்து, மண்பாதைகளிலே ஓட்டினர். அவ்வண்டிகளின் பின்சக்கரத்துப் பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீசு புகையாகிவிடும். ஒவ்வோர் இறக்கத்தின் பின்னும் புதிய கிரீசு நிரப்ப வேண்டியிருந்ததால், அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வந்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் இன்றைய மலைச் சைக்கிள் உருவாயிற்று.

இவ்வண்டியின் பெருஞ்சிறப்பு அதன் தாழ்ந்த கியர். முன்னே 22 பற்களும் பின்னே 32 பற்களும் உள்ள சக்கரங்களிலே சங்கிலி ஓடும்போது, மிதியை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.4 மீற்றர் மட்டுமே நகரும். கியர் இல்லாத சாதாரண வண்டியோ ஒரு சுற்றுக்கு ஐந்து மீற்றர் அளவுக்கு ஓடும். குறைந்த தூரம் நகர்வதால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலமும் குறைகின்றது, முழங்கால் பிழைக்கின்றது. ஏற்றத்திலே கியரின் உதவி பழிப்புக்குரியதெனக் கருதிய காலமும் இருந்தது. உலகப் புகழ்பெற்ற பிரான்சு நாட்டுச் சுற்றோட்டத்திலே சங்கிலியை மாற்றும் கியர்க் கருவி 1937ஆம் ஆண்டிலேதான் அனுமதிக்கப்பட்டது.

பழைய வண்டி பாரமானதன்றோ என்று கேட்கலாம். 65 கிலோ நிறையுள்ள ஒருவர், 9 கிலோ வீதிச் சைக்கிளில் ஏறினால் மொத்தம் 74 கிலோ. 14 கிலோ மலைச் சைக்கிளில் ஏறினால் 79 கிலோ. வித்தியாசம் நூற்றுக்கு ஏழு அளவே. ஒரு மணி நேர ஏற்றத்திலே இதனால் ஏற்படும் தாமதம் நான்கு நிமிடம் வரை இருக்கலாம். இதைவிடப் பெரிய தடை டயரிலே உள்ளது. மண்ணைப் பற்றுவதற்காக அமைந்த முண்டு முண்டான டயர், தார் வீதியிலே ஓடும்போது ஓயாது நசுங்கி விரிந்து, ஓட்டுபவரின் உழைப்பை வீணாக்குகின்றது. ஆகையால் அதனைக் கழற்றிவிட்டு, அதே சக்கரத்துக்குப் பொருந்தும் வழுவழுப்பான, சற்றே ஒடுங்கிய டயரைப் பூட்டி, அதன் பக்கத்திலே பொறித்துள்ள அளவுக்கு மேற்படாமல் காற்றடிக்க வேண்டும். செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததுமான மாற்றம் இதுவே. நேரான கைபிடியிலே கைகள் நெடுநேரம் ஒரே நிலையிலிருந்தால் விரல்கள் மரத்துப்போகும். கைபிடியின் இரு முனைகளிலும் சிறு கொம்புகளைப் பூட்டினால் கைகளை மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

நேரக் கணக்கு மிகவும் முக்கியமானது. 200 கிலோமீற்றரில் பாதி ஏற்றம், பாதி இறக்கம் என்று கொள்வோம். ஏற்றத்திலே மணிக்கு 12 கிலோமீற்றரும் இறக்கத்திலே 25 கிலோமீற்றருமாகச் சென்றால், 12 மணி 20 நிமிடத்திலே பயணம் முடிந்துவிடும். உணவுக்கும் இளைப்பாறலுக்கும் 1 மணி 10 நிமிடம் எஞ்சும். நேரத்தை மிச்சப்படுத்த விரும்பும் ஒருவர் இறக்கத்தின் வேகத்தை 30 ஆக்கினால் 40 நிமிடம் மிஞ்சும். ஏற்றத்தின் வேகத்தை 12இலிருந்து 13 ஆக்கினாலோ, ஏறக்குறைய அதேயளவு, 38 நிமிடம் மிஞ்சும். ஏற்றத்திலே பெறும் ஒரே ஒரு கிலோமீற்றர், இறக்கத்திலே உயிரைப் பணயம் வைத்துப் பெறும் ஐந்து கிலோமீற்றருக்கு ஈடாகின்றது!

இக்கணக்கை மலையக இளைஞர் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும். வளைவுக்கு அப்பால் பஸ் வருவது மூடுபனியிலே தெரிவதில்லை. மழையிலே நனைந்த சக்கர விளிம்பைப் பிரேக் கட்டை உடனே பற்றுவதில்லை. நீண்ட இறக்கத்திலே ஒரே பிரேக்கை விடாமல் பிடித்தால் விளிம்பு சூடேறி டயருக்கே ஆபத்து விளையலாம். ஆதலால் வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்து, இரு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடிப்பதே முறை. பழைய வண்டியிலே பிரேக் கட்டைகள் கல்லைப்போல் இறுகியிருக்கும். அவற்றையும் பிரேக் கம்பிகளையும் புதிதாக மாற்றாமல் புறப்படலாகாது. வண்டிச் சட்டத்தின் பொருத்துகளிலே வெடிப்பு உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலாடை, தலைக்கவசம், மாற்று டியூப், பம்ப் என்பன கட்டாயம் வேண்டியவை. ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்ற பழமொழி உண்மையே. ஆனால் ஆயத்தம் செய்பவனே வல்லவன்.

உணவுக்கும் பெருஞ்செலவு தேவையில்லை. ரொட்டியும் சம்பலும், வாழைப்பழமும், சீனி கலந்த தேத்தண்ணீரும் போதும். பசி வருமுன் சிறிது சிறிதாக உண்பதும், தாகம் வருமுன் பருகுவதும் நல்ல பழக்கம்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக உயர்த்துவதற்கே 2021ஆம் ஆண்டு வரை நெடும் போராட்டம் வேண்டியிருந்தது. இத்தகைய குடும்பத்திலே பிறந்த பிள்ளை, விலையுயர்ந்த வீதிச் சைக்கிள் இருந்தால்தான் நெடும்பயணத்திற் சேரலாம் என்று எண்ணினால், முயற்சி தொடங்குமுன்னரே முடிந்துபோகும். ஒடாக்ஸ் முறையின் விதிகள் மனித பலத்தால் மட்டும் ஓடும் வண்டியாக இருக்கவேண்டும் என்கின்றனவேயன்றி, அது புதியதா, பழையதா என்று கேட்பதில்லை. மலையகத்திலே விளையாட்டுக் கழகங்களை நடத்துவோரும் ஆசிரியரும் இதனை இளைஞருக்கு எடுத்துரைத்து, 20 கிலோமீற்றர், 50 கிலோமீற்றர் என்று படிப்படியாகப் பழக்கினால், லயத்தின் பின்னே சாய்த்துவைத்த பழைய சைக்கிளும் ஒருநாள் கொட்டகலையைக் கடந்து, நானுஓயா ஏறி, நேரத்துக்குள் நுவரெலியாவைச் சேரும்.