மூலம் என்று மூடி வைக்காதீர்கள்

தோட்டத் தோழர்களே! காலையில் செம்பனைக் காட்டுக்குப் போனால், வேலை முடியும்வரை வெளிக்குப் போவதை அடக்குகிறோம். தண்ணீரும் குறைவாகவே குடிக்கிறோம். மலம் இறுகி, ஆசனவாய்த் தோல் கிழிகிறது. கத்தியால் அறுத்தாற்போல் வலி, பளிச்சென்று சிவப்பு ரத்தம். "மூலந்தானே, தானா போயிடும்" என்று மறைக்கிறோம். அது மூலமாக இல்லாமல் ஆசனவாய் வெடிப்பாகவும் இருக்கலாம்.

அதோடு குடல் எரிச்சல் நோயும் சேர்ந்தால் இரட்டைத் தொல்லை. இன்று மலச்சிக்கல், நாளை வயிற்றுப்போக்கு. இரண்டுமே புண்ணை ஆறவிடா.

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் விற்கும் இசப்கோலை ஒரு சிறு கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கோதுமைத் தவிடு வேண்டாம். சிலருக்கு வாயு கூடி வயிறு உப்பும். வெளிக்குப் போனபின் வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். முக்காதீர்கள்.

புதுப் புண் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். ஆறாவிட்டால் தசையைத் தளர்த்தும் களிம்பு உண்டு. அதற்கும் மசியாவிட்டால் சிறிய அறுவைச் சிகிச்சை.

ரத்தம் கண்டால் ஒருமுறையேனும் டாக்டரிடம் காட்டுங்கள். உடலும் மெலிந்தால் நாள் கடத்தவே கூடாது. குடல் புற்றுநோயும் இப்படித் தலைகாட்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். "ஆசனவாயில் வலிக்குது டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவருக்கு அது தினமும் கேட்கும் சங்கதி.