சீக்கோ 5, எச்.எம்.டி. ஜனதா: எதில் தொடங்கலாம்?

பழைய கைக்கடிகாரங்களைச் சேர்க்கும் ஆர்வம் நம்மவர்களிடையே பெருகி வருகிறது. கையைக் கடிக்காத விலையில் எதில் தொடங்கலாம் என்று கேட்போருக்கு இரண்டு பெயர்களைச் சொல்லலாம். ஒன்று ஜப்பானின் சீக்கோ 5. மற்றொன்று இந்தியாவின் எச்.எம்.டி. ஜனதா. இரண்டுமே சாதாரண மக்களுக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் குணம் வேறு.

முதலில் சீக்கோ. 1963ஆம் ஆண்டு 'ஸ்போர்ட்ஸ்மேட்டிக் 5' என்ற பெயரில் இது அறிமுகமானது. ஐந்து என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. தானாகவே சாவி ஏறும் அமைப்பு, கிழமையும் தேதியும் ஒரே சன்னலில் தெரிவது, தண்ணீரைத் தாங்கும் கூடு, நான்கு மணி இடத்தில் உள்ளடங்கிய திருகு, உறுதியான கூடும் பட்டையும் ஆகிய ஐந்து அம்சங்களே அவை. கை அசையும்போது உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. அது எந்தப் பக்கம் சுழன்றாலும் வில் முறுகும். அதுதான் 'மேஜிக் லீவர்' என்ற எளிய அமைப்பின் சிறப்பு.

அடுத்து ஜனதா. எச்.எம்.டி. இந்திய அரசு நிறுவனம். 1961ஆம் ஆண்டு ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. ஜனதா என்றால் பொதுமக்கள் என்று பொருள். 17 கற்கள் கொண்ட இதற்குத் தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டும். தேதி கிடையாது, கிழமை கிடையாது. மணி மட்டும் காட்டும். பின்னாளில் மின்கல குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. 1984ஆம் ஆண்டு உருவாகி ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் சந்தையைப் பிடித்தது. நலிந்துபோன எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016ஆம் ஆண்டு இந்திய அரசு முடிவெடுத்தது. பழைய ஜனதாவைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

காதருகே வைத்துக் கேட்டால் வேறுபாடு புரியும். ஜனதா மணிக்கு 18,000 முறை துடிக்கும், அதாவது விநாடிக்கு ஐந்து. 1970களின் சீக்கோ 5 வகைகள் பலவற்றில் இது 21,600, விநாடிக்கு ஆறு. தினமும் அணிய, மறந்தாலும் ஓட, சீக்கோ ஏற்றது. மெல்லிய, எளிய கடிகாரத்தை விரும்பிக் காலையில் சாவி கொடுப்பதில் இன்பம் காண்பவருக்கு ஜனதா.

இனிதான் முக்கியமான செய்தி. இந்த இரண்டிலும் 'ஒட்டுப்போட்டவை' ஏராளம். மூன்று நான்கு கடிகாரங்களின் உதிரிப் பாகங்களைச் சேர்த்து, முகப்புக்குப் புது வண்ணம் பூசி, இணையத்தில் 'அசல்' என்று விற்கிறார்கள். சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடும்வரை பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. இன்று பலர் படத்தை நம்பிப் பணம் கட்டுகிறார்கள்.

சீக்கோவைச் சோதிக்க எளிய வழி உண்டு. பின்மூடியில் 7009 அல்லது 6119 போன்ற நான்கு இலக்க இயந்திர எண் இருக்கும். முகப்பின் அடியில் பொடி எழுத்திலும் அதே எண் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் சந்தேகப்படுங்கள். பின்மூடியின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 7009 இயந்திரம் கொண்ட கடிகாரத்தில் வரிசை எண் 48 என்று தொடங்கினால், அது 4 என்று முடியும் ஓர் ஆண்டின் ஆகஸ்ட்டில் செய்யப்பட்டது.

ஜனதாவில் முகப்புதான் முதல் சாட்சி. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். எழுத்து தடித்து, ஓரம் கலங்கி, கோடுகள் முள்ளின் போக்கோடு பொருந்தாமல் இருந்தால் அது மறுபூச்சு. அறுபது வயதுக் கடிகாரத்தில் மட்டும் மூப்பின் சுவடே தெரியாதென்றால் எப்படி நம்புவது?

இரண்டுக்கும் பொதுவான பராமரிப்பு ஒன்றுதான். வாங்கியதும் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடச் சொல்லுங்கள். எண்ணெய் வறண்ட நிலையில் ஓட்டினால் அச்சுகள் தேயும். சீக்கோவாக இருந்தாலும் பழைய ரப்பர் வளையத்தை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள்.

வீட்டில் அப்பாவோ தாத்தாவோ அணிந்த கடிகாரம் இருந்தால், அதைப் 'புதுசாக்கி' மகிழ்விக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரத்தை மட்டும் சரிசெய்யுங்கள். முகப்பைப் பூசவும் கூட்டைத் தேய்த்து மெருகேற்றவும் வேண்டாம். சேகரிப்பாளர் மதிப்பது பழைய முகப்பைத்தான். அந்தக் கீறல்களும் அணிந்தவர் விட்டுச்சென்ற தடங்கள். பூசியபின் அவற்றைத் திரும்பப் பெற முடியாது.