வஞ்சகப் போர்வையில் ஒரு விசுவாசம்

நல்லோர்க்கு நம்பிக்கை வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. தீயோர்க்கு அது நல்லோரினும் மிகுதியாக வேண்டும் என்பது பலரும் எண்ணிப் பாராதது. நேர்வழியில் வணிகஞ் செய்வான் ஒருவன் ஏமாற்றப்பட்டால் அவனுக்கு எழுதிய முறி உண்டு, சாட்சி உண்டு, நீதிமன்றம் உண்டு. கள்ளக்கடத்தல் செய்வான் ஒருவன் ஏமாற்றப்பட்டால் எந்த நீதிமன்றத்தின் படியை அவன் மிதிப்பான்? கூட்டாளியின் வாய்ச்சொல்லே அவனுக்கு முறி. அச்சொல் பிழைத்தவிடத்துத் துப்பாக்கியே அவனுக்கு நீதிபதி. ஆதலின் சட்டத்துக்குப் புறம்பான வாழ்வில் விசுவாசம் என்பது ஓர் அணிகலன் அன்று, உயிர்நாடி. அவ்வுயிர்நாடியைத் தொட்டுப் பார்த்த திரைப்படங்களுள் 'மில்லர்ஸ் குறோசிங்' தலையாயது என்பது எமது துணிபு.

படத்தின் களம் அமெரிக்காவின் மதுவிலக்குக் காலம். அந்நாட்டு அரசியலமைப்பின் பதினெட்டாந் திருத்தம் 1920ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பர் 5ஆம் நாள் இருபத்தோராந் திருத்தத்தால் நீக்கப்பெற்றது. ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் மதுவை ஆக்குதலும் விற்றலும் கொண்டுசெல்லுதலும் குற்றம். ஆனால் குடித்தல் குற்றமென்று அத்திருத்தம் கூறவில்லை. விற்பது குற்றமாயும் குடிப்பது குற்றமல்லாததாயும் இருந்தமையால், நாடெங்கும் தாகம் எஞ்சியது. தண்ணீர்ப் பந்தல் வைக்கும் உரிமை கொடியவர் கைக்குப் போயிற்று. பெருநகரங்களிற் கூட்டத்தலைவர்கள் எழுந்தனர். பொலிசாரும் நகரத் தந்தையரும் அவர்தம் ஊதியக்காரராயினர். சிக்காகோவில் டீன் ஓபானியன் என்னுந் தலைவன் 1924ஆம் ஆண்டு நவம்பரில் தனது பூக்கடையிலேயே கொல்லப்பட்டான். வந்தவருள் ஒருவன் நட்போடு கைகுலுக்குவான் போன்று அவன் கையை இறுகப் பற்றிக்கொள்ள, மற்றையோர் சுட்டனர். நட்பின் அடையாளமே கொலைக்கருவியாகிய அக்காலத்தின் இயல்பை உணர்த்த இவ்வொரு நிகழ்ச்சி போதும்.

ஜோயல் கோயன், ஈதன் கோயன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1990ஆம் ஆண்டில் இப்படத்தை உருவாக்கினர். வெளிவந்த காலத்தில் இது வணிக வெற்றி பெறவில்லை. டஷியல் ஹமெற் என்னும் அமெரிக்க நாவலாசிரியர் 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்ட 'கண்ணாடித் திறவுகோல்', 1929ஆம் ஆண்டின் 'சிவப்பு அறுவடை' ஆகிய இரண்டும் இதற்கு ஊற்றுக்கண்கள் என்ப. முன்னையதில் ஓர் அரசியற் பெரும்புள்ளிக்கும் அவன் மதியுரைஞனுக்கும் இடையே ஒரு பெண் காரணமாக எழும் பிளவு கூறப்படும். பின்னையதில் கூட்டங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அழிக்கும் ஒருவனின் சூழ்ச்சி கூறப்படும். இவ்விரண்டையும் பிணைத்து, பெயர் குறிக்கப்படாத ஒரு நகரத்தில் கதையை நிறுத்தினர் கோயன் சகோதரர்.

அந்நகரை ஆள்பவன் லியோ ஓபானன் என்னும் அயர்லாந்து வழிவந்த முதியவன். அல்பேர்ட் பின்னி அப்பாத்திரத்தை ஏற்றார். அவனது வலக்கையும் மதியமைச்சனுமாயிருப்பவன் ரொம் றேகன்; நடித்தவர் கேப்ரியல் பேர்ன். படத்தின் முதற்காட்சியில் ஜொனி கஸ்பர் என்னும் போட்டித் தலைவன் லியோவிடம் முறையிடுகின்றான். தான் முன்கூட்டியே முடிவை விலைக்கு வாங்கிய குத்துச்சண்டைகளின் செய்தியைப் பேர்ணி என்னும் சூதாட்டத் தரகன் பிறருக்கு விற்றுவிடுகின்றானாம். ஒருவன் பணங்கொடுத்துச் செய்த மோசடியையே நம்ப முடியாதென்றால் உலகில் வேறெதைத்தான் நம்புவது என்பது அவன் கேள்வி. நட்பு, ஒழுக்கம், அறநெறி என்று அவன் அடுக்குகின்றான். நகைப்புத் தோன்றும் இடமே இது. ஆயினும் நகைத்து முடிந்தபின் ஒரு நெருடல் எஞ்சும். கள்வனுக்குள்ளும் ஓர் அறநூல் உண்டு என்பதும், அந்நூல் கிழிந்தால் அவனது உலகம் சரிந்துவிடும் என்பதும் அந்நெருடலின் பொருள்.

பேர்ணியைக் கொல்ல இசைவு தருக என்கிறான் கஸ்பர். லியோ மறுக்கின்றான். என்னை காரணம்? பேர்ணியின் சகோதரி வேர்ணாவை அவன் காதலிக்கின்றான். ஒரு சிறு தரகனுக்காகப் பெரும்போரை விலைக்கு வாங்காதே என்று ரொம் இடித்துரைக்கின்றான், கேட்பாரில்லை. ஆனால் இடித்துரைப்பவனிடமும் ஒரு களங்கம் உண்டு. அதே வேர்ணாவோடு அவனுக்கும் மறைவான உறவு இருக்கின்றது. ஆகவே அவன் கூறும் அறிவுரை தலைவனது நன்மையைக் கருதியதா, தன்னலத்தைக் கருதியதா என்று பார்ப்போர் ஐயுற வேண்டியுளது. நல்லுரையும் தூய வாயிலிருந்து வந்தாலன்றி முழுப்பயன் தராது என்னும் உண்மை ஈண்டு விளங்குகின்றது.

ரொமிடம் மற்றொரு குணமும் காண்கின்றோம். சூதிலே தோற்றுப் பெருங்கடன் பட்டிருக்கின்றான். லியோ அடைக்க முன்வருகின்றான். பின்னர் கஸ்பரும் முன்வருகின்றான். இருவரையும் அவன் மறுக்கின்றான். தன் கடனைத் தானே தீர்ப்பான். பிறர் பணத்துக்குக் கட்டுப்படாதவன் என்பதால், அவன் எவருக்கேனும் கட்டுப்பட்டால் அது மனத்தின் கட்டே என்பது நமக்குப் புலனாகின்றது.

போர் மூள்கின்றது. நேற்றுவரை லியோவின் ஏவலிற் கஸ்பரின் விடுதியை உடைத்த பொலிசார், இன்று கஸ்பரின் ஏவலில் லியோவின் விடுதியை உடைக்கின்றனர். மேயரும் அவ்வாறே பக்கம் மாறுகின்றார். இதற்கிடையே ரொம், தனக்கும் வேர்ணாவுக்கும் உள்ள உறவைத் தலைவனிடம் தானே கூறிவிடுகின்றான். லியோ அவனை அடித்துப் படிகளில் உருட்டித் துரத்துகின்றான். துரத்தப்பட்டவன் கஸ்பரிடம் சேர்கின்றான். உலகம் அவனைத் துரோகி என்கின்றது.

புதிய தலைவன் ஒரு சோதனை வைக்கின்றான். மில்லர்ஸ் குறோசிங் என்னும் காட்டுக்குப் பேர்ணியைக் கொண்டுசென்று உன் கையாலே கொல் என்பது கட்டளை. உயர்ந்த மரங்களுக்கிடையே மண்டியிட்டுப் பேர்ணி கதறுகின்றான். உன் இதயத்தைப் பார் என்று மன்றாடுகின்றான். ஜோன் ரேட்டூரோவின் நடிப்பு ஈண்டு நம்மை உலுக்கிவிடும். ரொம் வேறிடத்திற் சுட்டு, அவனை ஓடிப்போகச் செய்கின்றான். படம் முழுவதிலும் அவன் கணக்குப் பாராது செய்த ஒரே செயல் இதுவே எனலாம். அச்செயலே அவனுக்கு எமனாகின்றது. உயிர்ப்பிச்சை பெற்றவன் திரும்பிவந்து, அவ்விரக்கத்தையே படைக்கலமாக்கி, நான் உயிரோடிருப்பதை வெளிப்படுத்துவேன் என்று அச்சுறுத்துகின்றான். செய்ந்நன்றி கொன்றவரைப் பற்றி நாம் எத்தனையோ படித்திருக்கின்றோம். நன்றிக்குரிய செயலையே கயிறாகத் திரித்துச் செய்தவன் கழுத்தில் மாட்டும் இக்கொடுமை அவற்றினுங் கொடிது.

அதன்பின் ரொம் முழுவதும் சூழ்ச்சியாளன் ஆகின்றான். கஸ்பருக்கு மெய்யாகவே விசுவாசமுள்ள ஒரே ஊழியன் எடி டேன் என்பவன். அவன் ரொம்மைச் சரியாகவே ஐயுறுகின்றான், உண்மையையே பேசுகின்றான். ரொம் பொய்யையே பேசுகின்றான். கஸ்பர் பொய்யை நம்பி, உண்மை பேசிய ஊழியனைத் தன் கையாற் கொல்கின்றான். நட்பையும் ஒழுக்கத்தையும் ஓயாது பேசியவனுக்கு நண்பன் யாரென்று தெரியவில்லை. ஆராய்ந்து தெளியாதவன் கையில் விசுவாசம் குருடன் கைவிளக்கே. பின்னர் ரொம் கஸ்பரையும் பேர்ணியையும் ஓரிடத்திற் சந்திக்கச் செய்ய, பேர்ணி கஸ்பரைக் கொல்கின்றான். எஞ்சிய பேர்ணி இரண்டாம் முறை மண்டியிடுகின்றான். அதே சொற்களால் இதயத்தை நினைவூட்டுகின்றான். எந்த இதயம் என்று கேட்டுவிட்டு ரொம் இம்முறை குறிதவறாது சுடுகின்றான்.

முதல் மன்றாட்டத்துக்கும் இரண்டாம் மன்றாட்டத்துக்கும் இடைப்பட்ட தூரமே இப்படத்தின் கதை. தலைவனைக் காத்தாயிற்று. காப்பதற்குக் கொடுத்த விலை எது? அந்த இதயமே.

நம் இலக்கியம் பயின்றார்க்கு இராமகாதையின் உடன்பிறந்தார் இருவர் நினைவுக்கு வருவர். கும்பகருணன் அண்ணனின் பிழையை அறிந்தும் செஞ்சோற்றுக்கடன் தீர்க்க அவன் பக்கம் நின்று மடிந்தான். வீடணன் அறத்தின் பொருட்டு அண்ணனைத் துறந்து மாற்றார் பாசறை புகுந்தான். இருவர்க்கும் தத்தம் வழியிற் பெருமை உண்டு. ரொம்மோ வெளித்தோற்றத்தில் வீடணன், உள்ளத்திற் கும்பகருணன். மாற்றான் பாசறையுட் புகுந்தது பழைய தலைவனைக் காப்பதற்கே. ஆயினும் கும்பகருணனின் வீரச்சாவும் அவனுக்கு இல்லை. வீடணனின் அடைக்கலமும் இல்லை. கடன் தீர்த்தான், கடன் தீர்த்த கைகள் கறைபட்டன.

இறுதியிற் பேர்ணியின் அடக்கத்துக்குப் பின், லியோவும் ரொம்மும் மரங்களிடையே நிற்கின்றனர். வேர்ணா லியோவை மணக்கப்போகின்றாள். எல்லாம் தன் பொருட்டுச் செய்த தந்திரமே என்று உணர்ந்த லியோ, மீண்டும் வா என்கின்றான், மன்னித்தேன் என்கின்றான். அம்மன்னிப்பை நான் கேட்கவுமில்லை, வேண்டவுமில்லை என்று மறுத்து ரொம் விடைபெறுகின்றான். ஹமெற்றின் நாவலில் மதியுரைஞன் அப்பெண்ணோடு ஊரைவிட்டுப் புறப்படுவான். தலைவன் தனித்துப் போவான். கோயன் சகோதரர் இதனைத் தலைகீழாக்கினர். இங்கே பெண் தலைவனைச் சேர்கின்றாள். காத்தவன் தனித்து நிற்கின்றான். இம்மாற்றம் ஒன்றே இவர்கள் தழுவலைத் தனிப்படைப்பாக்கிற்று.

ஏன் மறுத்தான்? மன்னிப்பை ஏற்றால் பழைய நட்புத் திரும்பிவிடும் என்று லியோ எண்ணுகின்றான். ஆனால் எவரையும் ஏமாற்ற வல்லவன் தானென்பதை ரொம் இப்போது அறிவான். அதனை அறிந்தவன் எவர்முன்னும் பழையபடி நிற்கமுடியாது. நம்பிக்கையைக் காக்க வஞ்சகத்தைக் கைக்கொண்டவன் அந்நம்பிக்கையின் நிழலில் மீண்டும் இளைப்பாற இயலாது. அவன் தொப்பியைச் சரிசெய்து, மரங்களிடையே நடந்து மறையும் நண்பனை நோக்குகின்றான். படத்தின் தொடக்கத்தில் காற்று அடித்துச்சென்ற தொப்பியும் இதுபோன்றதே. தொப்பியைத் துரத்தி ஓடுபவனைப் போல் நகைப்புக்கு இடமானவன் இல்லை என்று முன்னொருகால் அவனே வேர்ணாவிடம் சொன்னான். இப்போது அவன் துரத்தவில்லை. ஆனால் அவன் கண்கள் துரத்துகின்றன.

விசுவாசத்தைப் புகழ்ந்து பேசுவது எளிது. அது கேட்கும் விலையை எண்ணிக் காட்டுவது அரிது. அவ்வரிய பணியைக் குண்டர் கதையொன்று செய்திருக்கின்றது என்பதற்காகவேனும், இலக்கியம் பயில்வோர் இப்படத்தை ஒருமுறை பார்த்தல் வேண்டும்.