பழசானாலும் துப்பாக்கிதான்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத்தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வெண்கல விளக்கு வாங்குவதுபோல ஒரு பழைய வின்செஸ்டர் ரைபிளையும் வாங்கிவிடலாமா? நூறாண்டு கடந்தால் தொல்பொருள்தானே என்பார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு வயது முக்கியம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ, சுடுமா என்றுதான் பார்க்கிறது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கே அதன் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆக, நெம்புகோல் தடங்கலின்றி இயங்கும், நன்கு பேணப்பட்ட துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். வாங்குபவர் மெச்சும் அந்த நல்ல நிலைதான் இங்கே வில்லங்கம்!

உரிமம் கிடைத்துவிட்டால் இஷ்டம்போல் சுடலாமே என்றால், அதுவும் சரியில்லை. வின்செஸ்டரின் 1873 மாடல் கரிமருந்துக் காலத்தில் பிறந்தது. வெடிப்பின் உதையைத் தாங்குவது, முழங்கால்போல மடங்கி நிமிரும் ஓர் இணைப்பு. உடம்பு இரும்பாயிற்றே என்று வாதிடலாம். பலவீனம் அந்த மூட்டில் இருக்கிறது. புகையில்லா மருந்தின் உயரழுத்தத் தோட்டா அதற்கு ஆகாது. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சோதித்த பிறகு, முறையான சுடுதளத்தில், அழுத்தம் குறைந்த தோட்டாவே ஏற்றது. அது கரிமருந்துத் தோட்டாவானால், அதன் கசடு ஈரத்தை இழுக்கும். கொச்சியின் உப்புக்காற்றும் சேர்ந்தால் குழல் துருப்பிடிக்க நாளாகாது. சுட்ட அன்றே வெந்நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும்.