நுனிச் செல்லும் காம்புச் செல்லும்: இரத்தக் குழாய் முளைவிடலில் செல் நகர்வைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞைப் பாதைகள்

திசு ஒன்றில் ஆக்சிஜன் குறையும்போது, அருகிலுள்ள நுண்குழாயிலிருந்து புதிய கிளை முளைக்கிறது. குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காக அமைந்துள்ள அகவணிச் செல்கள் இதற்காக இடம்பெயர வேண்டும். எனினும் அனைத்தும் ஒருங்கே பெயர்ந்தால் குழாய் சிதைந்துவிடும். எச்செல் முன்செல்வது, எது பின்தொடர்வது என்பதை முடிவு செய்யும் சமிக்ஞைப் பாதைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆக்சிஜன் குன்றிய செல்கள் வி.இ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. இப்புரதத்தின் சில வடிவங்கள் செல்புறப் பொருளில் ஒட்டித் தங்குவதால், சுரந்த இடத்தில் மிகுந்தும் அப்பால் குறைந்தும் ஒரு செறிவுச் சரிவு உண்டாகிறது. முளையின் முனையிலுள்ள செல் நீண்ட இழைக்கால்களை நீட்டி இச்சரிவைத் துழாவி நகர்வதை, ஹோல்கர் கெர்ஹார்ட்டும் உடனாய்வாளர்களும் 2003ஆம் ஆண்டு சுண்டெலியின் விழித்திரையில் காட்டினர். அதுவே நுனிச் செல். அதன்பின் பெருகிக் குழாயை நீட்டுபவை காம்புச் செல்கள். (இவற்றைத் 'தண்டுச் செல்' என்பது பொருந்தாது, அச்சொல் ஸ்டெம் செல்லுக்கும் வழங்கி வருகிறது.)

அருகருகே உள்ள செல்கள் அனைத்தையும் வி.இ.ஜி.எஃப். எட்டுகிறது. அவ்வாறிருக்க, ஒன்று மட்டும் முன்செல்வது எவ்வாறு? விடை நாட்ச் பாதையில் உள்ளது. வி.இ.ஜி.எஃப். ஏற்பி-2 தூண்டப்பட்ட செல், டி.எல்.எல்.4 என்னும் புரதத்தைத் தன் பரப்பில் மிகுவிக்கிறது. அது அண்டைச் செல்லின் நாட்ச் ஏற்பியைத் தொட்டதும், அச்செல்லில் ஏற்பி-2 குறைகிறது, வி.இ.ஜி.எஃப்.ஐப் பற்றி வைத்துக்கொண்டு சமிக்ஞையை மிகக் குறைவாகவே கடத்தும் ஏற்பி-1 கூடுகிறது. முந்திய செல், அண்டைச் செல்லின் செவியை அடைத்துவிடுகிறது எனலாம். இத்தலைமையும் நிலையானதன்று. காம்புச் செல்கள் நுனிச் செல்லை முந்திச் சென்று அதன் இடத்தைப் பிடிப்பதை 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது.

இத்தடையை நீக்கினால் என்ன நேரும் என்பது புற்றுநோய் ஆய்வில் எதிர்பாரா வடிவில் வெளிப்பட்டது. புற்றுக்கட்டியின் வளர்ச்சி புதிய குழாய்களைச் சார்ந்தது என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்தது முதல், குழாய்களைக் குறைப்பதே ஆய்வாளர்தம் இலக்காக இருந்தது. ஆனால் 2006ஆம் ஆண்டு விலங்காய்வுகளில் டி.எல்.எல்.4 தடுக்கப்பட்டபோது, கட்டிகளில் குழாய்கள் குறையவில்லை, பெருகின. நுனிச் செல்கள் வரம்பின்றித் தோன்றியதால் கிளைகள் மிகுந்தன. அவற்றுள் பல இரத்தத்தைச் சரிவரக் கடத்தவில்லை. கட்டியில் ஆக்சிஜன் பற்றாக்குறை மிகுந்து, அதன் வளர்ச்சி தளர்ந்தது. குழாய்களின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்ட ஆய்வுமுறையின் குறையை இம்முடிவு தெளிவாகவே புலப்படுத்துகிறது.

எனினும் நாட்ச் பாதை கட்டிக்கு மட்டும் உரியதன்று. நலமான குழாய்ச் சுவரின் செல்கள் அமைதியாக இருப்பதற்கும் அது தேவை. டி.எல்.எல்.4ஐ நீண்டகாலம் தடுத்தபோது எலிகளில் இரத்தக் குழாய்க் கட்டிகளே தோன்றின என 2010இல் அறிவிக்கப்பட்டது.