உஷார்! கீபோர்டு செத்தால் கடைக்கு ஓடாதீர்கள்

'வைரஸ் நீக்கப்பட்டது' என்று ஆன்டிவைரஸ் பச்சை டிக் காட்டுகிறது. நிம்மதியாக ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். பாஸ்வேர்டு கேட்கும் திரை வருகிறது. மவுஸ் ஓடுகிறது, கீபோர்டில் ஒரு கீயும் வேலை செய்யவில்லை.

எங்கள் தெருவில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் நண்பருக்குப் போன மாதம் இதுதான் நடந்தது. புது கீபோர்டு வாங்கினார். அதுவும் ஊமை. கடையில் சண்டை போட்டு இன்னொன்று வாங்கி வந்தார். அதுவும் அப்படியே. அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

கோளாறு கீபோர்டிலேயே இல்லை. நாம் தட்டும் எழுத்து ஒரு டிரைவர் வழியாகத்தான் விண்டோஸுக்குள் போகிறது. அந்த வழியில் வேறு டிரைவர்களும் உட்கார்ந்துகொள்ள விண்டோஸே இடம் விட்டிருக்கிறது. 'ஃபில்டர்' என்பார்கள். நல்ல மென்பொருள்களும் அங்கே இடம் பிடிப்பதுண்டு. கீலாக்கர் எனும் வேவு நிரல்களில் சில, அதே இடத்தில் குந்திக்கொண்டு, தட்டுவதையெல்லாம் குறித்து வெளியே அனுப்பும். ஆன்டிவைரஸ் அந்த ஃபைலை அழித்துவிடும். விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் மட்டும் தங்கிவிடும். விண்டோஸ் அந்தப் பெயரைப் பார்த்து ஆளைத் தேடும். ஆள் இல்லையென்றால் கீபோர்டையே இயக்க மறுக்கும். எத்தனை கீபோர்டு மாற்றினாலும் எல்லாம் அந்த ஒரே வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

அப்படியென்றால், சாவதற்கு முன்னால் அந்தக் கீபோர்டில் தட்டியதையெல்லாம் யாரோ படித்துக்கொண்டிருந்திருக்கலாம். வயிற்றைக் கலக்க வேண்டிய சேதி அதுதான்.

முதலில் நெட் இணைப்பைப் பிடுங்குங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே அம்புக்குறி கீகள் வேலை செய்தால் கீபோர்டு நல்லபடியாகத்தான் இருக்கிறது. (வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதி விழித்துக்கொண்டு கிட்டத்தட்ட இதே ஆட்டத்தைக் காட்டும். அதற்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இதையும் பார்த்துவிடுங்கள்.)

லாகின் திரையின் வலது கீழ் மூலையில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு கிடைக்கும். மவுஸால் எழுத்தெழுத்தாகச் சொடுக்கி உள்ளே போகலாம். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும், கோட் 19 அல்லது 39 என்றும் தெரிந்தால் நான் சொன்ன கோளாறாகத்தான் இருக்கும்.

இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். "ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸை அழிச்சிடுங்க" என்று யாராவது யோசனை சொல்வார். அது சிடி டிரைவ் காணாமல் போனால் செய்கிற வைத்தியம்! இரண்டின் ரெஜிஸ்ட்ரி முகவரியும் 4டி36இ96 என்றே தொடங்கும். அடுத்து சிடிக்கு 5 வரும், கீபோர்டுக்கு 'பி' வரும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். கீபோர்டு பகுதியில் அப்பர்ஃபில்டர்ஸ் என்ற அந்த ஃபில்டர் பட்டியலுக்குள் 'கேபிடிகிளாஸ்' என்ற வரி இருந்தே ஆக வேண்டும். மொத்தமாக அழித்தால் கீபோர்டு எழவே எழாது. ஒட்டிக்கொண்டிருக்கும் அந்நியப் பெயரை மட்டும், தாளில் குறித்து வைத்துக்கொண்டு நீக்குங்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கப் பயமா? நல்ல பயம்தான். சிஸ்டம் ரீஸ்டோர் வழியாகத் தொற்றுக்கு முந்தைய தேதிக்குப் போய்ப் பாருங்கள்.

பதற்றத்தில் இணையத்தில் உதவி எண் தேடிப் போன் போடாதீர்கள். மறுமுனையில் இருப்பவர் திரையைப் பகிரும் ஆப் போடச் சொன்னால் உடனே கட் செய்யுங்கள்.

கீபோர்டு எழுந்ததும் அதே கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்ற உட்காராதீர்கள். கூட்டாளி நிரல் இன்னும் உள்ளே இருக்கலாம். ஆன்-ஸ்கிரீன் கீபோர்டையும் நம்ப முடியாது, திரையைப் படம் பிடிக்கும் நிரல்களும் உண்டு. வேறு கருவியில் முதலில் ஈமெயில், அடுத்து வங்கி என்று மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். அப்புறம் ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள், கள்ள ஆக்டிவேட்டர் இல்லாமல். நண்பருக்கு வினை வந்தது அந்த வழியாகத்தான்.

அந்நியப் பெயரை நீக்கியதும் அவருடைய பழைய கீபோர்டே ஓடியது. ஆனால் அதில் அவர் தன் பாஸ்வேர்டை மட்டுமா தட்டியிருந்தார்? விண்ணப்பம் போட வந்தவர்கள் சொல்லச் சொல்ல அவர்களுடையதையும் தட்டியிருக்கிறார். பில் புத்தகத்தைப் புரட்டி, இரண்டு நாளாக ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தார்.