வாயில்லாப் பிராணிக்கு வருமுன் காப்பு

நம் இல்லங்களில் அழையாமல் நுழைந்து, உரிமையோடு தங்கிவிடும் பிராணி ஒன்று உண்டெனில் அது பூனைதான். அடுக்களையில் மீன் ஆயும் அரவம் கேட்டதும் ஓடி வரும். தொழுகை விரிப்பின் ஓரத்தில் சுருண்டு படுத்து உறங்கும். நாய் வளர்க்கத் தயங்கும் நம் குடும்பங்கள் பூனையிடம் அத்தகைய தயக்கம் காட்டுவதில்லை. இதற்கு மார்க்கத்தில் ஆதாரமும் இருக்கிறது. நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்யும் வேளையில் பூனையொன்று நீரை நாடி வர, அது அருந்தும் வரையில் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள் என்றும், வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் மொழிந்ததை எடுத்துரைத்தார்கள் என்றும் நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். மற்றொரு தோழர் பூனைக்குட்டியின்பால் கொண்ட பரிவினால் 'அபூ ஹுரைரா' என்றே பெயர் பெற்று, அப்பெயராலேயே நிலைத்துவிட்டார்கள்.

ஆனால், அன்பு காட்டுவது வேறு. அறிந்து பேணுவது வேறு. நம் வீட்டுப் பூனைக்கு ஒரு கிண்ணம் பாலும், தட்டில் எஞ்சிய சோறும் வைத்துவிட்டால் கடமை தீர்ந்ததென எண்ணுகிறோம். ஒரு நாள் அது மூலையில் ஒடுங்கிப் படுத்த பிறகே, 'இதற்கு என்ன வந்தது?' என்று கேட்கிறோம். அந்த வேளையில் மருத்துவராலும் பல நேரங்களில் ஒன்றும் செய்ய இயலாது போகிறது.

பேணுதலும் மருத்துவமும் இருவேறு காரியங்கள் அல்ல என்பதை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். கால்நடை மருத்துவத்தை அரபு மொழியில் 'பைத்தரா' என்பர். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் அந்நாசிர் முஹம்மதின் அரசவைக் குதிரை மருத்துவராக விளங்கிய அபூபக்ர் அல்பைத்தார் ஒரு பெருநூல் இயற்றினார். 'இரு கலைகளிலும் நிறைவு' என்பது அதன் பெயரின் பொருள். ஒரு கலை, நோய் தீர்ப்பது. மற்றொன்று, குதிரையை வளர்த்துப் பேணுவது. இவ்விரண்டும் ஒரே நூலில் இணைந்திருந்தன. இக்காலத்தில் 'முழுமை மருத்துவம்' என்று புதிதாகப் பேசப்படுவதன் உட்கருத்தும் இதுவே. உணவு, நீர், உறைவிடம், துப்புரவு, மனநிலை, தடுப்பூசி, மருந்து ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கருதி, நோய் வருமுன்பே காக்க வேண்டும் என்பதே அது.

பூனையின் இயல்பை அறிக

இன்றைய வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனையாகும். சைப்ரஸ் தீவில் மனிதரோடு அருகருகே புதைக்கப்பட்ட, ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையுள்ள பூனையின் எலும்புக்கூட்டை ஆய்வாளர்கள் 2004-இல் உலகுக்கு அறிவித்தனர். இத்தனை காலம் நம்முடன் வாழ்ந்தும் பூனை தன் பழைய இயல்புகளைக் கைவிடவில்லை. அவற்றுள் மூன்றை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, அது புலால் உண்ணியாகவே படைக்கப்பட்டது. டாரின் எனும் சத்தைத் தேவையான அளவு அதன் உடல் தானே உண்டாக்கிக் கொள்வதில்லை; அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. இச்சத்துக் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்கிவிடும் என்பதையும், அச்சத்தை உணவில் சேர்த்தால் குணம் காணலாம் என்பதையும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்டனர். கண்பார்வை மங்குவதும் இக்குறைவின் விளைவே. எனவே பாற்சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே தின்று வளரும் பூனை, வயிறு நிரம்பியும் உள்ளூர நலிகிறது. இறைச்சியை வேக வைத்தால் டாரின் நீரில் கரைந்து இறங்கும். ஆதலால் அந்த நீரைக் கொட்டாமல் உணவோடு சேர்த்துக் கொடுப்பது நன்று. வெறும் சதை மட்டும் கொடுத்தாலும் சுண்ணாம்புச் சத்துக் குறையும். பூனைக்கென்று தயாராகும் முழுமையான உணவைக் கொடுங்கள். அல்லது வீட்டுணவை எவ்வாறு நிறைவு செய்வதென்று கால்நடை மருத்துவரைக் கேட்டு அறியுங்கள்.

இரண்டாவது, அதற்குத் தாக உணர்வு குறைவு. போதிய நீர் அருந்தாத பூனைக்குச் சிறுநீர்ப்பைக் கோளாறுகள் எளிதில் வரும். உணவுத் தட்டினின்றும் சற்றுத் தள்ளி, வீட்டின் இரண்டு மூன்று இடங்களில், அகன்ற கிண்ணங்களில் நாள்தோறும் புதுநீர் வையுங்கள். பால் நீருக்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கையே உண்டாக்கும்.

மூன்றாவது, அது தன் வலியை மறைக்கும். நோயுற்ற பூனை பெரும்பாலும் கத்துவதில்லை, ஒதுங்கிவிடும். ஆதலால் அதன் வழக்கங்களில் நேரும் சிறு மாற்றத்தையே அதன் மொழியாகக் கொள்ள வேண்டும்.

குற்றமல்ல, நோய்

இதுவரை மணல் தட்டில் ஒழுங்காகச் சிறுநீர் கழித்த பூனை, திடீரெனப் பாயிலும் மெத்தையிலும் கழிக்கத் தொடங்கினால் வீட்டார் சினந்து அடிக்கின்றனர். அது பிடிவாதம் அன்று. பல வேளைகளில் சிறுநீர்ப்பையின் வேதனையே அதற்குக் காரணம். குறிப்பாக ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. அது அடிக்கடி மணலுக்குச் சென்று, முக்கி, முனகி, ஒரு துளியும் கழிக்காமல் திரும்புமாயின், மலச்சிக்கல் எனக் கருதி விளக்கெண்ணெய் புகட்டிக் காத்திராதீர்கள். முழு அடைப்பு ஏற்பட்டால் இரண்டு மூன்று நாட்களில் உயிரே போய்விடும். இரவாயினும் விடியட்டும் என எண்ணாது உடனே மருத்துவரை நாடுங்கள்.

அவ்வாறே, பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தால் அதன் ஈரலில் கொழுப்புத் தேங்கிப் பேராபத்தாகும். 'பசித்தால் தானே தின்னும்' என்னும் பேச்சு பூனைக்குப் பொருந்தாது.

ஒன்றோடொன்று பிணைந்தவை

பூனையின் வாலடியில் அரிசி மணி போன்ற வெண்துணுக்குகள் ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை நாடாப்புழுவின் துண்டங்கள். பூச்சி மருந்து கொடுத்தால் அகன்றுவிடும். ஆனால் சில வாரங்களில் மீண்டும் தோன்றும். ஏன்? அப்புழு வளர்வது, பூனையின் உடலில் ஊரும் தெள்ளுப்பூச்சியினுள். பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்கையில் தெள்ளுப்பூச்சியை விழுங்குகிறது, புழுவும் உட்புகுகிறது. தெள்ளுப்பூச்சியின் முட்டைகளோ பாயின் இடுக்கிலும் விரிப்பிலும் கிடக்கின்றன. ஆகவே மருந்து கொடுப்பதோடு, பூனையை நுண்சீப்பால் வாரி, அது படுக்கும் துணியை வெந்நீரில் துவைத்து, வீட்டையும் பெருக்கித் தூய்மை செய்தாலொழிய நோய் தீராது. முழுமையாக நோக்குவது என்பதன் பொருளை இந்தச் சிறு பூச்சியே நமக்குக் கற்பிக்கிறது.

துப்புரவு நம் நலனுக்கும் அவசியம். பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா எனும் நுண்ணுயிரின் கருக்கள் இருக்கக்கூடும். கருவுற்ற தாயை இது தொற்றினால் வயிற்றுக் குழந்தைக்குக் கேடு விளையலாம். இதற்கு அஞ்சி, வீட்டில் ஒருத்தி கருவுற்றதும் பூனையைத் தொலைவில் கொண்டுபோய் விடுவோர் உளர். அது தேவையில்லை. அக்கருக்கள் தொற்றும் வலிமை பெற ஒரு நாளேனும் ஆகும். எனவே மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்யுங்கள். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் வேறொருவர் செய்யட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடாதீர்கள். வீட்டாரும் இறைச்சியை நன்கு வேக வைத்து உண்ணுங்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்

குட்டிப் பூனைகளைக் கூட்டமாக மாய்க்கும் பான்லூகோபீனியா என்னும் குடல் நோயையும், மூக்கொழுகிக் கண் பீளை தள்ளும் சளி நோய்களையும் தடுக்க ஊசி உண்டு. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும் வரை அதனைப் போட வேண்டும். மூன்று மாதம் நிறைந்த பின் வெறிநோய்த் தடுப்பூசி. அதன் பின் எப்போது எனக் கால்நடை மருத்துவர் குறித்துக் கொடுப்பார்.

வெறிநோய் நாயோடு நிற்பதன்று. பூனைக்கும் வரும், பூனையால் மனிதருக்கும் வரும். அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. லூயி பாஸ்டர் 1885-இல் மனிதருக்கு முதன்முதலாக இத்தடுப்பு மருந்தைச் செலுத்தினார். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907-இல் நிறுவப்பட்ட நிலையமும் எண்ணற்றோரைக் காத்துள்ளது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று கையிலேயே போடுகிறார்கள். பூனை கடித்தாலோ பிறாண்டி இரத்தம் வந்தாலோ, காயத்தைச் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'வீட்டுப் பூனைதானே' என்ற அலட்சியம் பிள்ளையின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

இயற்கை மருந்து எல்லாம் இனியதன்று

முழுமை மருத்துவம் என்றதும், ஊசியையும் ஆங்கில மருந்தையும் ஒதுக்கிவிட்டு மூலிகைக்குத் திரும்புவது எனச் சிலர் பொருள் கொள்கின்றனர். மூலிகையைப் பழிப்பது நம் நோக்கமன்று. பசுவின் மடிவீக்கத்துக்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு கலந்த பூச்சைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தினரே பரிந்துரைக்கின்றனர். ஆனால் பசுவுக்கு இதமானது பூனைக்கு இதமாகும் என்று எண்ணுவதே பிழை. அதே கற்றாழையைப் பூனை நக்கினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். பூனையின் ஈரல், மனிதரின் ஈரலைப் போலப் பல பொருள்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் உடையதன்று.

நினைவில் வைக்க வேண்டியவை இவை: நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. வெங்காயமும் பூண்டும், வெந்தவையாயினும், அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும். விருந்து முடிந்து பிரியாணியில் எஞ்சிய கறித்துண்டைப் பரிவோடு நாம் இடுகிறோமே, அதில் இவ்விரண்டும் உண்டு. யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் அதன் மேனியில் படலாகாது. நாய்க்கென விற்கும் தெள்ளு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். வெந்த எலும்பு பிளந்து தொண்டையைக் குத்தும். ஈகைப் பெருநாளிலும் ஹஜ்ஜுப் பெருநாளிலும் பூனைக்கு ஒரு பங்கு தர விரும்பினால், மசாலா சேர்க்காத, எலும்பு நீக்கிய, வெந்த இறைச்சியைத் தனியே எடுத்து வையுங்கள்.

இனப்பெருக்கம் குறித்தும் ஒரு சொல். பெண் பூனை நான்கைந்து மாத வயதிலேயே கருவுறக் கூடும். ஒன்பது வாரங்களில் ஈனும். பெருகும் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டு வருவது வழக்கமாகிவிட்டது. கருத்தடை அறுவை கருப்பை அழற்சியைத் தவிர்க்கும். இளமையிலேயே செய்தால் மடிப் புற்று வரும் வாய்ப்பையும் வெகுவாகக் குறைக்கும் என்பது மருத்துவர் கூற்று. இதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் கண் திறவாத குட்டிகளைத் தெருவில் எறிவது பற்றிக் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை.

வாரம் ஒரு முறை

வெள்ளிக்கிழமை நாம் நகம் களைந்து, நீராடி, ஜும்ஆவுக்குப் புறப்படுகிறோம். அதே நாளில் பூனைக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கண்ணில் பீளை இருக்கிறதா? காதில் கரிய அழுக்கு உண்டா? ஈறு சிவந்து வாய் நாறுகிறதா? முடி உதிர்ந்து வட்டமான படை தெரிகிறதா? உறங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டுகிறதா? மாதம் ஒரு முறை எடை பாருங்கள். நாலு கிலோ பூனை நானூறு கிராம் இழந்தால் அது பெரிய இழப்பு. இவற்றை ஒரு தாளில் குறித்து வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். இப்பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், பரிவும் பொறுப்பும் அவர்களுக்குப் பாடமாகும்.

பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளானாள் என்ற செய்தியை நாம் அனைவரும் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். அதைக் கொடியவள் ஒருத்தியின் கதை என்று மட்டும் எண்ணிவிடலாகாது. மாடிக் குடியிருப்புகளில் கதவடைத்து நாம் வளர்க்கும் பூனையும் தன் இரையைத் தானே தேட முடியாது. தன் மருந்தைத் தானே தேட முடியாது. அதன் உணவு, நீர், நலம் யாவும் நம் கையில் இருக்கின்றன. கதவைச் சாத்திய கைக்கே கணக்கும் உண்டு. அந்தப் பொறுப்பை அறிந்து நிறைவேற்ற வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!